தம்பிக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி கட்டுவது யார்?

கேள்வி: ஏழு வருடமாகப் பெண்கள் உடல்நலம் பற்றி ஃப்ரீலான்ஸாக எழுதுகிறேன். பிசிஓஎஸ், தைராய்டு, மெனோபாஸ் என்று மருத்துவமனைகளுக்கும் ஹெல்த் ஆப்களுக்கும் வேலை செய்கிறேன். சராசரியாக மாதம் 55,000 வரும், ஆனால் கிளையண்டுகள் தாமதிப்பதால் ஒரு மாதம் 20,000, இன்னொரு மாதம் 90,000. குறைந்த மாதங்களில் கார்டைத் தேய்க்கிறேன். கிரெடிட் கார்டில் 1,40,000 நிலுவை இருக்கிறது, மினிமம் ட்யூ (மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) தவறியதில்லை. மொபைல் கடை வைத்திருக்கும் தம்பிக்கு இந்த வருடம் 1,60,000 கொடுத்திருக்கிறேன், டிடிஎஸ் (கிளையண்டுகள் பிடித்த வரி) ரீஃபண்டாக வந்த 48,000-மும் அதில் சேர்த்தி. கைச்செலவுக்காக, மாதவிடாய் சீராகும் என்று விற்கும் ஒரு பொடி கம்பெனிக்கும் எழுத ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தொழிலிலேயே கடைசிவரை நிற்க ஆசை. ஆண்டுக்கு 60,000 கட்டும் 'பெண்களுக்கான' யூலிப்பில் (காப்பீடும் சந்தை முதலீடும் சேர்ந்த பாலிசி) சேரச் சொல்கிறார் வங்கிக்காரர். சேரலாமா? (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: யூலிப் வேண்டாம். ஐந்து வருடம் பணத்தை எடுக்க முடியாத ஒன்றில், இந்த மாதம் 20,000 வருமா 90,000 வருமா என்று தெரியாத நீங்கள் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. பெயரில் 'பெண்களுக்கான' என்று ஒட்டியிருப்பதால் பாலிசி வேறாகிவிடாது. பிசிஓஎஸ் பற்றி எழுதுகிற உங்களுக்கு லேபிளைப் பார்த்து ஏமாறக் கூடாதென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சேமிப்பது எப்படி, அவசர நிதி எதற்கு என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது ஒரே பழக்கம். மொத்தமாகப் பணம் வந்த வாரமே தம்பிக்குப் போகிறது, அடுத்த மாதம் கிளையண்ட் தாமதித்தால் நீங்கள் கார்டைத் தேய்க்கிறீர்கள். அதாவது அவனுக்கு வட்டியில்லாமல் கொடுத்துவிட்டு, ஏறக்குறைய அதே தொகையை வங்கியிடம் ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கு வாங்குகிறீர்கள்.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 1,40,000-க்கு வட்டி 4,900. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 5,800 பக்கம். மினிமம் ட்யூ என்று 7,000 கட்டினால் அசலில் குறைவது 1,200 ரூபாய்தான். நிலுவை இருக்கும்வரை புதிதாகத் தேய்க்கும் மளிகைச் செலவுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும், அந்த நாற்பது ஐம்பது நாள் சலுகையெல்லாம் கிடையாது. 'தவறியதில்லை' என்று நீங்கள் பெருமையாக எழுதியிருப்பதைப் படித்து வங்கி சந்தோஷப்படும்.

வீட்டில் நகை இருந்தால் வங்கியில் நகைக்கடன் வாங்கி கார்டை முழுதாக அடைத்துவிடுங்கள். ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று வைத்தாலும் மாத வட்டி 1,200-க்குள் நிற்கும். இதுவரை கட்டிய 7,000, தம்பிக்குப் போன சுமார் 13,000, ஆக 20,000-ஐ மாதாமாதம் நகைக்கடனில் போட்டால் ஏழெட்டு மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். அதுவரை கார்டை அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். அடைத்த கையோடு திரும்பத் தேய்த்தால் இரண்டு கடனும் சேர்ந்து நிற்கும், அப்படி நின்றவர்கள் நிறையப் பேர் எனக்கு எழுதுகிறார்கள்.

அப்புறம் அந்தப் பொடி. இது பணக் கேள்வி இல்லை என்று நினைக்காதீர்கள், இதுதான் பெரிய பணக் கேள்வி. மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்வதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. உங்களுக்கு இருக்கும் ஒரே சொத்து, ஒரு மருத்துவர் உங்கள் பெயரைப் பார்த்ததும் பேட்டிக்குச் சம்மதிப்பது. கார்டு கட்டணும் என்ற அவசரத்தில் நாலாயிரம் ரூபாய்க் கட்டுரைக்கு அதைக் கொடுத்துவிட்டால், நல்ல மருத்துவமனை அடுத்த வருடம் உங்களைக் கூப்பிடாது.

சரி, தாமதமாகப் பணம் தரும் கிளையண்டுகளுக்கு என்ன செய்வது? சிறு தொழில்களைப் பதிவு செய்யும் அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்யுங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும், இலவசம் (பணம் கேட்கிற தளமென்றால் அது போலி). பதிவு செய்த பிறகு முடிக்கும் வேலைகளுக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, மாதக் கணக்கில். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அந்த நாள் தாண்டிய தொகையைக் கொடுத்து முடிக்கும்வரை கம்பெனி தன் வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது, அதனால் கணக்குப் பிரிவுக்காரர்கள் இதைக் கவனிக்கிறார்கள். வழக்கு, கிழக்கு என்று போக வேண்டாம். இன்வாய்ஸில் உத்யம் எண்ணையும் '45 நாள்' என்பதையும் ஒரு வரியாகப் போடுங்கள், முப்பதாவது நாள் ஒரு மென்மையான மின்னஞ்சல். பெரும்பாலும் அதுவே போதும்.

வருகிற பணமெல்லாம் ஒரு கணக்கில் விழட்டும். அதிலிருந்து 1-ஆம் தேதி 35,000-ஐ உங்களுக்கு நீங்களே சம்பளமாக வேறு கணக்குக்கு மாற்றுங்கள். நகைக்கடன் தவணை தவிர வேறு எதற்கும் முதல் கணக்கைத் தொடாதீர்கள். மூன்று மாதச் சம்பளம் அங்கே தங்கிய பிறகுதான் எஸ்ஐபி (மாதாமாத மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு), பிபிஎஃப் (அரசின் நீண்டகாலச் சேமிப்பு) பேச்செல்லாம்.

தம்பி விஷயம் கடைசியாக. கொடுத்த 1,60,000-ஐ வராக்கடன் என்று எழுதிவிடுங்கள், வந்தால் லாபம். 'அக்கா, இந்த ஒரு தடவை' என்று போன் வந்தால், 'நான் இப்போ சம்பளக்காரிடா, கையில் இல்லை' என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை. கடைக்கு முதல் வேண்டுமென்றால் சிறு தொழில்களுக்கான அரசின் முத்ரா கடன் இருக்கிறது, 50,000 வரை சிசு என்ற பிரிவு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர், பிணையம் கேட்க மாட்டார்கள். அவன் பெயரில், அவன் கடைக் கணக்கைக் காட்டி வாங்கட்டும். வேறு எங்காவது கடன் வாங்கி உங்களை ஜாமீன் கையெழுத்துக்குக் கூப்பிட்டால், அம்மாவே சொன்னாலும் போகாதீர்கள்.