அப்பாவின் அடிக்கும் குணம் மகனுக்கு ரத்தத்திலேயே வருமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு தாயின் கேள்வி: கணவர் அடிப்பவர், ஏழு வயது மகனும் பள்ளியில் மற்றப் பிள்ளைகளை அடிக்கிறான். காரணம் மரபணுவா, வீடா?

இரண்டும்தான். இரட்டையர் ஆய்வுகளின்படி, ஆக்ரோஷத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி மரபணு சார்ந்தது. இது கூட்டத்துக்கான கணக்கு. உங்கள் பையனின் கோபத்தில் பாதி அப்பாவுடையது என்று இதற்குப் பொருள் இல்லை.

'வன்முறை மரபணு' என்று பலரும் சொல்லும் எம்.ஏ.ஓ.ஏ. (மூளையின் சில ரசாயனங்களைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு) இருப்பது எக்ஸ் குரோமோசோமில். மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் கிடைக்கும், அப்பாவின் எம்.ஏ.ஓ.ஏ. அவனுக்கு வரவே வராது! 2002இல் வெளியான நியூசிலாந்தின் டனிடின் ஆய்வில், இதன் செயல்திறன் குறைந்த வகையோடு பிறந்து, சிறுவயதில் கொடுமையும் பட்டவர்கள் ஆண்களில் 12 சதவீதம். வன்முறைத் தண்டனைகளில் 44 சதவீதம் அவர்கள் பெற்றவை. கொடுமை படாதவர்களிடம் அந்த வகை பெரிய வித்தியாசம் காட்டவில்லை. பின்வந்த ஆய்வுகளில் சில இதை உறுதிசெய்யவில்லை என்பதால், மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டாதீர்கள்.

முதலில் வீட்டில் அடி நிற்க வேண்டும், அவன் கண்முன் உங்களுக்கு விழும் அடியும் சேர்த்து. அதைப் பார்த்தே பிள்ளை கற்கிறது. தினம் 9 மணி நேரமாவது தூங்கட்டும். அருகில் பழைய பேட்டரி உடைக்கும் இடமோ, வீட்டில் உதிரும் பழைய பெயின்ட்டோ இருந்தால் ரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள். ஈயம் மூளையின் கட்டுப்பாட்டைக் கெடுக்கும். பிறகும் குறையாவிட்டால் ஓசூர் சாலை நிம்ஹான்ஸில் குழந்தை மனநலப் பிரிவு இருக்கிறது. உங்களுக்கே ஆபத்து என்றால் 112, பெண்கள் உதவிக்கு 181.