கிராண்ட் வாங்கும் சங்கம் ‘எங்கள் ஆட்களுக்கு மட்டும்’ என்று சொல்லலாமா?

கேள்வி: அரசுப் பணம் வாங்கும் அமைப்பு இனம், நிறம் பார்த்து ஆளை ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1964இலேயே சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் மானியம் வாங்கும் பள்ளிகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் அப்படி ஏதாவது உண்டா?

உண்டு. ஆனால் அங்கே போல ஒரே சட்டத்தில் இல்லை. கொஞ்சம் அரசியலமைப்பில், கொஞ்சம் தனிச் சட்டங்களில், மிச்சம் மானிய ஆணையின் கடைசிப் பக்கத்தில் யாரும் படிக்காத நிபந்தனைகளில் என்று சிதறிக் கிடக்கிறது.

நான் வக்கீல் இல்லை. மும்பை தாராவியில் ஒரு தமிழ்ச் சங்கம் நடத்தும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் 11 வருடம் கிளார்க்காக இருந்தவன். நாங்கள் ‘கிராண்ட் ஸ்கூல்’ என்போம், மராத்தியில் அனுதானித் ஷாளா. கட்டடமும் நிர்வாகமும் சங்கத்துடையது, வாத்தியார்களின் சம்பளம் மாநில அரசு போடுவது. அதுபோக ‘வேதனேதர் அனுதான்’ என்று சம்பளம் அல்லாத செலவுக்குக் கொஞ்சம் வரும். எப்போது வரும் என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஒரு ஜூன் மாதம், நல்ல மழை. உத்தரப் பிரதேசத்து அம்மா ஒருவர், 90 அடி ரோட்டுப் பக்கம் குடியிருப்பவர், மகளை ஐந்தாம் வகுப்பில் சேர்க்க வந்தார். உள்ளே போய்ச் செயலாளரிடம் கேட்டேன். திருநெல்வேலிக்காரர், நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். “சீட் இல்லைன்னு சொல்லிருங்க தம்பி. நம்ம பிள்ளையளுக்குன்னு கட்டுன ஸ்கூலுல்லா” என்றார். ஐந்தாம் வகுப்பில் 9 இடம் காலி. நான் வெளியே வந்து சீட் இல்லை என்றேன். “ஏக் சீட் தோ ஹோகி, பையா” (ஒரு சீட்டாவது இருக்குமே, அண்ணா) என்று அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணாச்சி சொன்னதில் பாதி நியாயம் உண்டு என்று அப்போது நினைத்தேன். எவ்வளவு நியாயம் என்று பிறகு தேடிப் படித்ததில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அரசியலமைப்பின் 29(2) பிரிவு: அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் கல்வி நிறுவனத்தில் மதம், இனம், சாதி, மொழி என்ற காரணத்தால் மட்டும் எந்தக் குடிமகனுக்கும் இடம் மறுக்கக் கூடாது. ‘மொழி’ என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். பால் என்ற சொல் இல்லை, அதனால் பெண்களுக்கு மட்டுமான மானியப் பள்ளிகளை இந்தப் பிரிவு தொடாது.

இந்தப் பிரிவுக்கு மகாராஷ்டிராவிலேயே ஒரு பழைய வழக்கு உண்டு. நாசிக் பக்கம் தேவ்லாலியில் ஆங்கிலோ இந்தியர் பள்ளி ஒன்று மானியத்தில் நடந்தது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத இந்தியப் பிள்ளைகளை ஆங்கில வழியில் சேர்க்காதே என்று 1954 ஜனவரியில் பம்பாய் அரசு உத்தரவு போட்டது. அதே வருடம் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அங்கே கதவை மூடியது அரசு, பள்ளி இல்லை. ஆனால் தடுப்பது அரசானாலும் வேறு யாரானாலும் இந்த உரிமை நிற்கும் என்று தீர்ப்பில் சொல்லியிருக்கிறார்கள். அந்த ‘வேறு யாரானாலும்’ என்பதற்குள் எங்கள் சங்கமும் வரும்.

சரி, அண்ணாச்சியின் பாதி நியாயம் எங்கே? மகாராஷ்டிராவில் தமிழர்கள் மொழிச் சிறுபான்மை. 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் கல்வி நிறுவனத்தை நிறுவி நடத்த உரிமை தருகிறது. டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி வழக்கில் (1992), மானியம் பெறும் சிறுபான்மை நிறுவனம் தன் சமூகத்துக்கு முன்னுரிமை தரலாம், ஆனால் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்ந்து, அந்த 50 எல்லாருக்கும் பொருந்தாது, இடத்தையும் படிப்பையும் பார்த்து அரசு சதவீதம் வகுக்கலாம், ஆனால் மானியம் வாங்கினால் மற்றவர்களுக்கும் நியாயமான அளவு இடம் தந்தாக வேண்டும் என்றார்கள்.

ஆக, தமிழ்ப் பிள்ளைக்கு முன்னுரிமை தரலாம். 9 பெஞ்சு இடத்தைக் காலியாகப் போட்டுவிட்டு இந்திக்காரப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்குப் பெயர் முன்னுரிமை இல்லை.

இன்னொன்று 28(3). மானியப் பள்ளியில் பிள்ளையை மதப் பாடத்திலோ வழிபாட்டிலோ உட்காரச் சொல்லப் பெற்றோர் சம்மதம் வேண்டும். இந்துவும் கிறிஸ்தவரும் ஒரே சந்தில் இருக்கிற தாராவியில் இது ஏட்டுச் சட்டம் இல்லை. காலைப் பிரார்த்தனையில் எந்தப் பாட்டு என்பதற்கே கமிட்டி இரண்டு முறை கூடியிருக்கிறது.

ஊரில் பி.சி.ஆர். என்பார்களே, தீண்டாமையைத் தண்டிக்கும் 1955ஆம் வருடத்துச் சட்டம், உங்கள் கேள்விக்கு மிக நெருங்கியது அதன் 9ஆம் பிரிவு. அரசு நிலமோ பணமோ மானியமாகப் பெற்ற கோயில், பள்ளி, பள்ளி விடுதியின் மேலாளரோ அறங்காவலரோ தீண்டாமைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்று அது மேல்முறையீட்டிலும் நின்றுவிட்டால், அரசு அந்த மானியத்தை நிறுத்தலாம், திரும்பவும் எடுக்கலாம். ‘லாம்’தான், ‘வேண்டும்’ இல்லை. என்னைக் கேட்டால், சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது அந்த ‘லாம்’.

மாற்றுத்திறனாளி பிள்ளைக்கு 2016ஆம் வருடச் சட்டம். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், கட்டடமும் அவர்கள் புழங்கும்படி இருக்க வேண்டும்.

பள்ளி அல்லாத அறக்கட்டளை என்றால் மானிய ஆணையை வாங்கிப் படியுங்கள். உதாரணத்துக்கு, மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இன்படி, 20 பேருக்கு மேல் நிரந்தரமாக வேலைக்கு வைத்து, தொடர்செலவில் பாதியாவது மத்திய அரசு மானியத்தில் ஓடும் அமைப்பு, விதியில் உள்ள மற்ற நிபந்தனைகளுக்கும் பொருந்தினால், வேலை நியமனத்தில் இடஒதுக்கீடு நிபந்தனையாக வர வேண்டும். இதைச் சொன்னால் பல தலைவர்கள் முகத்தில் ஈ ஆடாது.

நடைமுறைக்கு வருகிறேன். இடம் மறுத்தால் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் போடுங்கள். கணிசமாக அரசு நிதியில் ஓடும் தனியார் அமைப்பும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, எத்தனை இடம் காலி என்று கேளுங்கள். மும்பையில் கல்வி ஆய்வாளர் அலுவலகத்துக்கு ஒரு நகல். கடைசி வழி உயர் நீதிமன்றம்.

காகிதத்தை ஏன் இப்படி வலியுறுத்துகிறேன் என்றால், அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து வந்து ஜெனரல் ரெஜிஸ்டரை, அதாவது மாணவர் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினார்கள். 9 இடம் ஏன் காலி, எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ‘விண்ணப்பம் வரவில்லை’ என்று எழுதச் சொன்னார் அண்ணாச்சி. எழுதினேன். பொய்யும் இல்லை. அந்த அம்மா கையில் நான் ஒரு ஃபாரம்கூடக் கொடுக்கவில்லையே.