வேட்டைத் துப்பாக்கிக்குக் குழல் எவ்வளவு நீளம், எவ்வளவு எடை இருக்க வேண்டும்?

குழல் என்பது குண்டு ஓடி வெளியேறும் எஃகுக் குழாய். வெடிமருந்து எரிந்து கிளம்பும் வாயு, குண்டு குழலுக்குள் இருக்கும்வரைதான் அதைத் தள்ளும். தொப்பூர் கணவாயில் பிரேக் போடாமல் இறங்கும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள்: சரிவு நீள நீள வேகம் கூடும். ஆனால் இந்தச் சரிவு போகப்போகத் தட்டையாகிவிடும். வாயு விரிய விரிய அழுத்தம் குறைகிறதே. அதனால் வேட்டைக்கு அனுமதியுள்ள நாடுகளில் பெரும்பாலும் 20 முதல் 24 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். (நம் அஞ்செட்டிக் காட்டில் அந்தக் கேள்வியே எழாது, 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றம்.)

எடையா? கனமான குழல் கையில் ஆடாது, சீக்கிரம் சூடாகாது. சரி, அதைச் சுமந்து நாள் முழுக்க மலை ஏறுபவரின் தோளைக் கேட்டுப் பாருங்கள்! நடப்பவருக்கு மெல்லிய குழல்தான் தோது.

அப்புறம், நீளக் குழல் இருந்தால் குறி தப்பாது என்பது தப்புக் கணக்கு. நீளம் கூட்டுவது வேகத்தை, குறியோ குழலின் விறைப்பையும் தயாரிப்பையும் சுடுபவர் கையையும் பொறுத்தது.