இவருக்கு அன்றைக்கு பேட்மின்டன்

கேள்வி: நெதர்லாந்தில் ஆம்ஸ்டல்வீனில் எட்டு வருடமாக இருக்கிறோம். மகளுக்குப் பதினைந்து வயது, செஸ் என்றால் உயிர். கிளப் அணியில் விளையாடுகிறாள். எலினே ரூபர்ஸ் மாதிரி வரவேண்டும் என்கிறாள். இந்த நாட்டில் ஒரு பெண் செஸ்ஸை நம்பிப் பிழைக்க முடியுமா? படிப்பு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. போன மாதம் ரெண்டு சனிக்கிழமை அவள் மேட்சுக்குப் போகவில்லை, சின்னவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை (இவருக்கு அன்றைக்கு பேட்மின்டன்). காலையில்தான் கேப்டனுக்கு மெசேஜ் அனுப்பினாள். அதிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பதில்: பிழைப்பை முதலில் முடித்துவிடுகிறேன். பரிசுப் பணத்தை மட்டும் நம்பினால் கஷ்டம். கூடவே பயிற்சி கொடுப்பது, வேறு வேலை என்று ஏதாவது வேண்டியிருக்கும். ஆகவே அவள் படிக்கட்டும். ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை. நெதர்லாந்து செஸ் வீராங்கனை ஃபென்னி ஹேம்ஸ்கெர்க் பெண்களுக்கான முதல் தேசியப் பட்டம் வாங்கியது 1937-இல், பதினேழு வயதில். நடுவில் போர் வந்து, 1939-க்கு அடுத்த பட்டம் 1946-இல்தான். பத்தாவது பட்டம் 1961-இல், நாற்பத்தொரு வயதில். சீனாவில் பெண்கள் சாம்பியனாக இருந்துவிட்டு நெதர்லாந்தில் குடியேறிய பெங் ஜாவ்சின் கிராண்ட்மாஸ்டர் ஆனது 2004-இல், முப்பதுகளின் நடுவில். உங்கள் மகள் சொல்லும் ரூபர்ஸ் 2022-இல் நம்ம மாமல்லபுரம் ஒலிம்பியாடில் பதினாறு வயதில் நெதர்லாந்துக்கு முதல் போர்டில் உட்கார்ந்தவள். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

சரி, இப்போது அந்த அடைப்புக்குறிக்கு வருகிறேன். முழுக் கடிதத்திலும் உங்கள் கணவர் வருவது அந்த ஒரே இடத்தில்தான், அதுவும் மட்டையோடு!

அணி ஆட்டம் எப்படி நடக்கும் என்று ஒருநாள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? காய்களை அடுக்கி வைத்திருப்பார்கள். எதிர்ப்பக்கத்து ஆள் வந்து உட்கார்ந்து, தாளில் பெயரை எழுதிவிட்டு, காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் மகளின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். குறித்த நேரம் தாண்டினால் புள்ளி அவருக்கு. பக்கத்து போர்டுகளில் இருப்பவர்கள் ஒரு புள்ளி கடனோடு ஆடவேண்டும். கடைசி நேரத்தில் சொன்னால் கேப்டன் மாற்று ஆளுக்கு எங்கே போவார்? அவள் முகம் கொடுக்காதது உங்களுக்குக் கோபமாகத் தெரிகிறது. எனக்கு அது வெட்கமாகத் தெரிகிறது.

பெண் பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்ளக்கூடாது என்று சொல்கிறவள் இல்லை நான். பார்க்கட்டும், சமைக்கவும் கற்கட்டும். ஆனால் வாக்குக் கொடுத்த இடத்துக்குப் போவதும் கடமைதான். அதை வீட்டில்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். நீங்கள் கற்றுக்கொடுத்தது என்ன? அப்பாவின் பொழுதுபோக்கு நகராது, மகளின் ஆட்டம் நகரும் என்று. அவருடைய இறகுப்பந்து ஒரு சனிக்கிழமை சும்மா கிடந்தால் யாருக்கு நஷ்டம்? பிள்ளை ரெண்டு பேருக்கும் பொதுதானே, அம்மா? அவரிடம் கேட்கப் பயந்துகொண்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

இன்றைக்கு ராத்திரியே லீக் அட்டவணையை அச்செடுத்துச் சமையலறையில் ஒட்டுங்கள். மேட்ச் இருக்கும் சனிக்கிழமைகளில் சின்னவன் அப்பா பொறுப்பு என்று அவர் கையாலேயே எழுத வையுங்கள். அப்புறம் கேப்டனுக்கு போன் செய்து அந்த ரெண்டு நாளுக்கும் மன்னிப்புக் கேளுங்கள். நீங்களே கேளுங்கள், அவளைக் கேட்க வைக்காதீர்கள்.