கொரிய நண்பர் சூசொக் விருந்துக்கு வீட்டுக்கு அழைத்திருக்கிறார். என்ன வாங்கிப் போகலாம்? ஸ்பாம் என்ற டின் இறைச்சியையா பரிசாகக் கொடுப்பார்கள்?

பேரிக்காய்ப் பெட்டி வாங்கிப் போங்கள். முடிந்தால் முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். சூசொக் என்பது சந்திர நாட்காட்டியில் 8ஆம் மாதப் பௌர்ணமியன்று வரும் அறுவடைத் திருநாள். காலையில் முன்னோருக்குப் படையல் உண்டு. தென் கொரியாவின் சுவோன் நகரில் நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா, நான் கொடுத்த பெட்டியிலிருந்து பெரிய காய்களாகப் பார்த்து எடுத்தார். வலைச் சட்டையைக் கழற்றித் துடைத்து, காம்புப் பக்கத்தை மட்டும் தட்டையாகச் சீவித் தட்டில் அடுக்கினார். முன்னோர் சாப்பிட வசதியாக இருக்க வேண்டுமாம். நாம் கொடுத்தது ஒரு வீட்டுப் படையலில் இடம்பிடிப்பதைவிட வேறென்ன வேண்டும்?

நாஜு ஊர்ப் பேரிக்காய்க்குத் தனி மதிப்பு. விலை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2014இல் பண்டிகை செப்டம்பர் 8ஆம் தேதியே வந்தது, 2025இல் அக்டோபர் 6. சீக்கிரம் வந்தால் பழம் முற்றியிருக்காது, நல்ல காய்க்கு விலை ஏறிவிடும். அப்போது தேனோ, காய்ந்த சீமைப்பனிச்சையோ (பெர்சிமன் பழம்) வாங்கலாம். போஜாகி என்ற துணியில் முடிச்சுப் போட்டுத் தருவார்கள், அப்படியே இரண்டு கைகளாலும் கொடுங்கள்.

ஸ்பாம் விஷயம் உண்மைதான், அதில் கேலி செய்ய எதுவும் இல்லை. 1950இல் தொடங்கிய போரின்போது அமெரிக்கப் படையோடு வந்த டின் இறைச்சி அது. சோற்றுக்கே திண்டாடிய காலத்தில் இறைச்சி என்பதே பெரிய விஷயம். 1987 முதல் கொரியாவிலேயே தயாராகிறது. எண்ணெய், சூரை மீன் டின், ஷாம்பூ, பற்பசை என்று இன்றைக்கும் கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் பெட்டிகளில் வீட்டுச் செலவுக்கு ஆகிற பொருள்கள்தான் நிறைய. எனக்கு இது மிகவும் பிடித்த வழக்கம். வாங்கியதில் எதுவும் வீணாகாது.

அப்புறம் ஒன்று. நண்பர் அரசு ஊழியராகவோ பத்திரிகையாளராகவோ இருந்து, உங்கள் வேலை எதுவும் அவர் கையில் இருந்தால், பரிசே வேண்டாம். 2016 செப்டம்பரில் அமலுக்கு வந்த லஞ்சத் தடுப்புச் சட்டம் அங்கே கடுமையானது. பிள்ளைகளின் வகுப்பாசிரியருக்கும் இதே கதைதான், வாழ்த்து மட்டும் சொல்லுங்கள்.