பிளாட்பேக் எடிட்டருக்குள் ஓடும் ஸ்கிரிப்ட்டுக்குப் பென் டிரைவ் கோப்பு தெரியாதது ஏன்?

பாபநாசத்தில் நெல் மூட்டைக் கணக்கைக் கூட்டும் உங்கள் பைத்தான் ஸ்கிரிப்ட் டெர்மினலில் ஓடுகிறது. லினக்ஸில் செயலிகளைத் தனித்தனியாக வேலியிட்டு ஓட்டும் பிளாட்பேக் முறையில் நிறுவிய எடிட்டருக்குள் ஓட்டினால், 777 அனுமதி (யாரும் படிக்க, எழுத, இயக்கலாம்) கொடுத்தும், பென் டிரைவில் உள்ள கோப்பு இல்லை என்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

'அனுமதி இல்லை' என்று சொல்லாமல் 'கோப்பே இல்லை' என்று சொல்வதுதான் இங்கே துப்பு. பிளாட்பேக், பபிள்ராப் என்னும் கருவியைக் கொண்டு ஒவ்வொரு செயலிக்கும் தனியான கோப்பு மரம் ஒன்றை அமைத்துத் தருகிறது. அதில் பென் டிரைவ் இணைக்கப்படவில்லையென்றால், கோப்பின் அனுமதி எண்களைப் பார்க்கும் கட்டமே வருவதில்லை. தலைமதகு அடைத்திருக்கும்போது வயல் மடையை வெட்டிவிட்டு என்ன பயன்? எடிட்டர் தொடங்கிவைக்கும் ஸ்கிரிப்ட்டும் அதே வேலிக்குள்தான் ஓடும்.

கோப்புத் தேர்வுப் பெட்டி வழியாகத் திறந்தால் போர்ட்டல் என்னும் இடைத்தரகர் அந்த ஒரு கோப்பை மட்டும் வேறொரு பாதையில் உள்ளே தருவதால், அருகிலுள்ள மற்ற கோப்புகளை ஸ்கிரிப்ட்டால் காண முடியாது. பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

பிளாட்பேக் செயலிகளின் அனுமதிகளை மாற்ற உதவும் பிளாட்சீல் செயலியில் அந்த எடிட்டரைத் தேர்ந்து, கோப்பு முறைமைப் பகுதியில் பென் டிரைவின் பாதையைச் சேர்த்து, எடிட்டரை முழுவதும் மூடித் திறவுங்கள். ஸ்கிரிப்ட் படிக்க மட்டுமே செய்யுமானால் பாதையின் இறுதியில் முக்காற்புள்ளியிட்டு 'ஆர்ஓ' (:ro) என்னும் ஆங்கில எழுத்துகளைச் சேர்ப்பது நல்லது. முழு வட்டையும் திறந்துவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.