கேள்வி – பதில்: நுணுக்குக்காட்டிக்கு மாஸ்க் போடலாமா?

கேள்வி: நுளம்புக் குடம்பியை நுணுக்குக்காட்டியில் வைத்து, மேலே போனைப் பிடித்துப் படம் எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். தலை தெளிவாக வந்தால் வால் கலங்குகிறது, வாலைச் சரிப்படுத்தினால் தலை போய்விடுகிறது. 'அவத்தை மாஸ்க்' என்று ஒன்று போட்டால் முழுவதும் தெளியுமாமே, எங்கே வாங்கலாம்?
– விஞ்ஞான ஆசிரியை, ஒட்டுசுட்டான்

பதில்: வாங்க வேண்டாம் ரீச்சர். அந்த மாஸ்க் படத்தைத் தெளியவைப்பதில்லை, கலக்கித்தான் விடுகிறது. ஆனால் கிட்ட இருப்பது, எட்ட இருப்பது எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கலக்குகிறது, வித்தையே அதில்தான்.

சாதாரண வில்லையில் குவியம் தப்பினால் கலங்கல் இடத்துக்கு இடம் வேறுபடும், அதோடு சில நுண்ணிய விபரங்கள் அடியோடு அழிந்துவிடும், அழிந்ததை எந்த மென்பொருளாலும் திருப்பி எடுக்க ஏலாது. 1995இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் எட்வேர்ட் டௌஸ்கியும் தோமஸ் கேத்தியும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். வில்லையின் துவாரத் தளத்தில், அதாவது ஒளி புகும் துவாரம் இருக்கும் இடத்தில், ஒரு தெளிந்த தகட்டை வைப்பது, அதுதான் அவத்தை மாஸ்க். நடுவிலிருந்து விலகும் தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப அதன் தடிப்பு ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும். ஒளியை அது மறைப்பதில்லை, அலைகளின் அவத்தையை, அதாவது அவை எவ்வளவு முந்திப் பிந்தி வருகின்றன என்பதை மட்டும் மாற்றுகிறது. இதனால் ஒரு ஒளிப்புள்ளி புள்ளியாக விழாமல், செங்கோணத்தில் இரண்டு வால் முளைத்த கறை மாதிரி விழும். குவியம் கொஞ்சம் முன்பின்னாகப் போனாலும் அந்தக் கறையின் வடிவம் பெரிதாக மாறாது, விபரங்கள் மங்கும், ஆனால் ஒன்றும் பூச்சியமாகாது. ஆகவே முழுப் படத்துக்கும் ஒரே கணக்கைப் போட்டுக் கணினி கலங்கலை நீக்கிவிடும்.

சும்மா கிடைக்கிற வேலை இல்லை இது. மங்கியதைக் கணினி தூக்கி நிறுத்தும்போது படத்தில் உள்ள இரைச்சலும், அதுதான் அந்தப் பொரிப்பொரியான புள்ளிகள், கூடவே எழும்பும். பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியின் மங்கல் வெளிச்சத்தில் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்புறம், தகடு இருக்க வேண்டிய தளம் பெரும்பாலும் பொருள்வில்லைக் குழலுக்கு உள்ளே இருக்கிறது, போனில் ஒட்டினால் பலன் இல்லை.

உங்கள் 10 மடங்கு வில்லையின் எண்துவாரம், அதாவது எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை அது அள்ளும் என்பதைச் சொல்லும் எண், 0.25 என்றால், ஒரு தடவையில் தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 9 மைக்ரோமீற்றர்தான், 40 மடங்கில் அது ஒன்று, ஒன்றரைக்கு இறங்கிவிடும். வளர்ந்த குடம்பியின் நெஞ்சுப்பகுதியோ கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர். அதனால் இறந்த குடம்பியை வைத்து, போனை அசையாமல் பூட்டி, நுண்சீராக்கியை இம்மி இம்மியாகத் திருப்பி ஒவ்வொரு படமாக எடுங்கள். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் அவற்றில் தெளிந்த பகுதிகளை மட்டும் சேர்த்து ஒரே படமாக்கும் இணைப்பு உண்டு. உயிரோடு நெளிகிற குடம்பிக்கு இது சரிவராது, ஒரே சொடுக்கில் எடுக்கும் அந்த மாஸ்க் வெல்கிற இடம் அதுதான்.

கேள்வி: துவாரத்தைச் சிறிதாக்கினாலே எல்லாம் தெளியுமே, பிறகு ஏன் இந்தப் பாடு?
– கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளர், கிளிநொச்சி

பதில்: தெளியும் தம்பி, ஆனால் எஃப் 4இலிருந்து எஃப் 16க்குப் போனால் வெளிச்சம் 16இல் ஒரு பங்காகிவிடும், இன்னும் சிறிதாக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து படமே மங்கும். உங்களுக்கு மாஸ்க் தேவையே இல்லை, மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் கலங்கியிருந்தால்தானே வடிவு!

கேள்வி: அம்மாவுக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை. குவிய ஆழம் கூடிய வில்லையும் இருக்கிறது என்கிறார் டொக்டர். அதுவும் இந்த மாஸ்க்தானா?
– மகள், வவுனியா

பதில்: உறவு இருக்கிறது. அமெரிக்காவில் 2016இல் அனுமதி பெற்ற சிம்ஃபனி வில்லை நுண்ணிய வளையப் படிகளால் ஒளியைப் பிரிக்கிறது, 2020இல் அனுமதி பெற்ற விவிட்டி நடுப்பகுதியின் வளைவால் அலைமுகத்தை நீட்டுகிறது, அதாவது ஒளி ஒரே புள்ளியில் குவியாமல் கொஞ்ச ஆழத்துக்குக் குவியும். கண்ணுக்குப் பின்னால் கலங்கல் நீக்கும் கணினி இல்லாததால் இவற்றில் அவத்தை மாற்றம் மென்மையாகவே இருக்கும். எட்டத்துக்கும் கையெட்டும் தூரத்துக்கும் பெரும்பாலும் போதும், சின்ன எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படலாம், சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். விழித்திரையில் வேறு நோய் இருந்தால் இது பொருந்தாமல் போகலாம், ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னமே அதைப் பரிசோதிக்கச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள்.